பச்சைப் புள்ளி

செக்காலை ரோட்டில் எவர்சில்வர் கடைக்கு மேலே
ஒரே அறை, தவணையில் வாங்கிய ஏசி.
'புள்ளி' என்று பெயர் வைத்தான் சேவுகன்.
அவர்கள் கோயில் கணக்கில் கல்யாணமானவன் ஒரு புள்ளி.
தேவகோட்டை அருள்ராஜுக்கு
ஆள் இருந்தால் திரையில் பச்சையாய் எரிவது.
தமிழ் எம்.ஏ. முடித்து வேலை தேடி வந்த எனக்கு
மெய்யெழுத்தின் தலையில் உட்கார்ந்து
உயிரை உள்ளே விடாதது.

ஒருவருக்கு ஐம்பது பேர்தான்.
ஐம்பத்தோராவது ஆள் வேண்டுமென்றால்
யாரையாவது கழிக்க வேண்டும்.
'உங்கள் பேச்சு உங்களுக்குள்ளேயே.'
விளம்பர வாசகம் என்னுடையது.
ராத்திரிப் பணியும் என்னுடையது:
புகார் வந்தால் திறந்து பார்க்க ஒரு சாவி.
புகார் வராத ராத்திரிகளிலும்
சாவி என்னிடம்தான் இருந்தது.

பள்ளத்தூர்க் கல்யாணம் ஒன்றில்
பந்திக்குக் காத்திருந்தவர்களின் போன்களை வாங்கி வாங்கி
ஏற்றிக் கொடுத்தான் அருள்ராஜ்.
ஆடியில் நானூறு புள்ளி.
தையில் பதினோராயிரம்; ஈப்போவும் பினாங்கும் சேர்த்து.
ஒருத்தி ஐம்பதுக்குள் மாமியாரை விட்டுவிட்டாள் என்று
கண்டனூரில் பஞ்சாயத்து.
சிரித்துச் சிரித்து
இன்னொரு ஏசி வாங்கினோம்.

பிறகு பணத்தோடு ஒருவர் சென்னையிலிருந்து வந்தார்.
'ஐம்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?'
சேவுகன் சரி என்று சொன்ன மத்தியானம்
அருள்ராஜ் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, விடிகாலை மூன்று பத்து.
புதுப் பதிப்பு ஏறியது.
எல்லாப் போனிலிருந்தும் எல்லா எண்ணையும் அள்ளி
அத்தனை பேருக்கும் தானாகவே அனுப்பியது:
'இன்னார் உங்களை அழைக்கிறார்.'
பிளம்பருக்குப் போனது.
கைமாற்று வாங்கி ஊர் மாறியவனின் புது நம்பர்
கொடுத்தவனுக்கே போனது.
சிகப்பி மூன்று வருஷமாய் ஒளித்து வைத்த நம்பர்
அவள் விட்டு வந்த ஆளுக்குப் போனது.

அவள் கூப்பிட்டாள். நான்தான் எடுத்தேன்.
திட்டவில்லை.
'அழிச்சிருங்க. என்னய மட்டுமாவது அழிச்சிருங்க.'
அழித்தேன்.
அவன் கைக்குப் போனதை
எந்தச் சாவியாலும் அழிக்க முடியவில்லை.

பங்குனிக்குள் பாதி காலி.
ஏசி இரண்டையும் கழற்றிப் போனார்கள்.
சேவுகன் மஸ்கட்டில் கணக்கு எழுதுகிறான்.
அருள்ராஜ் குரூப் டூ எழுதுகிறான்.
சர்வர் வாடகை மட்டும் என் கார்டில் போய்க்கொண்டிருந்தது.
ஏன் என்று கேட்டால்,
கடைசி மாசம் எரிந்த இரண்டு புள்ளிகளுக்காக.

கோட்டையூரில் ஒரு வீடு.
கிழக்குப் பாதி அண்ணன் வெள்ளையப்பன்,
மேற்குப் பாதி தம்பி சோலையப்பன்.
பன்னிரண்டு வருஷமாய் வக்கீல் வாயால் மட்டும் பேசிக்கொள்கிறவர்கள்.
ராத்திரி ஒன்பதரைக்கு: 'மோட்டார் போடு.'
ஒன்பது ஐம்பதுக்கு: 'நிறுத்து.'
ஒருநாள், 'இருமல் கேட்டுச்சு.'
பதில் இல்லை.
மறுநாள், 'மோட்டார் போடு.'

மூடுகிறோம் என்ற அறிவிப்பை
இருவருமே திறந்து பார்க்கவில்லை.
பஸ் ஏறிப் போனேன்.
கிழக்கு வாசலுக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டு வந்தார்.
வெள்ளிக்கிழமையோடு நின்றுவிடும் என்றேன்.
'நிக்கட்டும். அதயெல்லாம் யாரு பாக்குறா?'
'அப்ப மோட்டாருக்கு?'

வாய் முந்திவிட்டது.

துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டார்.
'எந்த மோட்டாரு?'
சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருமினார்.
அவருக்கும் கேட்டது, எனக்கும் கேட்டது.
கதவைச் சாத்தினார்.

வெள்ளிக்கிழமை ராத்திரி
ஒன்பதரைவரை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.
பிறகு ஒன்பது ஐம்பதுவரை.
பிறகு, வழக்கு நடக்கிற வீட்டில் கடிகாரம் தாமதமாய் ஓடலாம் என்று
பத்தேகால்வரை.